கட்டிலுக்குக் காப்பீடு, மாத்திரைக்குக் கடன்

இரத்தப் புற்றுநோய்களில் நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியா என்று ஒரு வகை உண்டு. 2001-க்கு முன்பு இந்த நோய் கண்டவருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுதான் முழுக் குணத்துக்கான வழியாக இருந்தது. அதற்குப் பொருத்தமான கொடையாளர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அந்த ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் என்ற மாத்திரை நிலைமையை மாற்றியது. நோயாளி தினமும் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகலாம், பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். ஆயுளை மாதங்களில் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் பல ஆண்டுகள் வாழத் தொடங்கினார்கள்.

விலைதான் அடுத்த தடையாக நின்றது. நோவார்டிஸ் நிறுவனம் ‘கிளிவெக்’ என்ற பெயரில் விற்ற இந்த மாத்திரைக்கு மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய் ஆனது. இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை 8,000 முதல் 10,000 ரூபாய்க்குத் தந்தன. இந்த இரு விலைகளுக்கும் இடையிலான போராட்டத்தின் பெரும்பகுதி நடந்தது சென்னையில். நோவார்டிஸின் விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. அறியப்பட்ட ஒரு வேதிப்பொருளின் புதிய வடிவம் கூடுதல் பலன் தந்தாலொழிய அதற்குக் காப்புரிமை இல்லை என்று கூறும் 3(டி) பிரிவை எதிர்த்து அந்நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஓர் அமைப்பும் இந்த வழக்கில் கடைசிவரை எதிர்த்து நின்றது என்பதை மறக்கக்கூடாது.

ஆக, மருந்து வந்தது, விலையும் இறங்கியது. ஆனால் மாதம் எட்டாயிரம் ரூபாயை ஆண்டுக்கணக்கில் யார் கொடுப்பது? மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் முதலில் பாலிசிப் பத்திரத்தைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். அங்கே அவர்களை எதிர்கொள்ளும் முதல் நிபந்தனை, பகல்நேரச் சிகிச்சைகள் நீங்கலாக, குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும் என்பது. வீட்டில் தண்ணீரோடு விழுங்கும் மாத்திரை இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

புற்றுநோய்ச் செலவு இந்தியக் குடும்பங்களை ஏன் இந்த அளவுக்குச் சாய்க்கிறது என்பதற்கான விடையின் பெரும்பகுதி இங்கே இருக்கிறது. இந்நாட்டுக் காப்பீடு கட்டிலை மையமாக வைத்து வளர்ந்தது. அறுவைச் சிகிச்சை, விபத்து, பிரசவம் போன்றவற்றுக்கு அது பொருந்தும். புற்றுநோய்ச் சிகிச்சையோ கடந்த 25 ஆண்டுகளில் கட்டிலை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. காலையில் வந்து மாலையில் திரும்பும் கீமோ, ஐந்தாறு வாரங்கள் தினமும் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும் கதிர்வீச்சு (மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள்), ஐந்து அல்லது பத்து ஆண்டுகள் தொடரும் ஹார்மோன் மாத்திரை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் எதிர்ப்புப் புரத ஊசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்று இன்றைய சிகிச்சையில் பெரும்பகுதி ஓ.பி. எனும் புறநோயாளிப் பிரிவிலோ பகல்நேரச் சிகிச்சையாகவோ நடக்கிறது.

இதை எண்களில் காட்டிய ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் 12,148 புற்றுநோயாளிகளிடம் செலவுக் கணக்கு கேட்டார்கள். ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குச் சராசரியாக 3,31,177 ரூபாய் கையிலிருந்து போகிறது. ஒருமுறை உள்நோயாளியாகச் சேர்ந்தால் சுமார் 39,000 ரூபாய், ஒருமுறை புறநோயாளியாக வந்துபோனால் சுமார் 8,000 ரூபாய். இதை மட்டும் பார்த்தால் கட்டில்தான் அதிகச் செலவு என்று தோன்றும். ஆனால் குடும்பத்தின் வருவாயையே விழுங்கும் அளவுக்குச் செலவு செய்தவர்கள் உள்நோயாளிகளில் 29.8 விழுக்காடு, புறநோயாளிகளில் 80.4 விழுக்காடு. செலவால் வறுமைக்குத் தள்ளப்பட்டவர்கள் முதல் வகையில் 17.2 விழுக்காடு, இரண்டாம் வகையில் 67 விழுக்காடு. சேர்க்கை எப்போதாவது நிகழ்வது. ஓ.பி. பயணமோ மாதம் தவறாமல் வருவது. காப்பீட்டின் கை எட்டாத அந்தப் பயணங்களில்தான் நகை அடகுக்குப் போகிறது.

பணம் கரைவது சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே ஆரம்பமாகிவிடுகிறது. கட்டியைக் கண்டதும் ஸ்கேன், பிறகு சதை எடுத்துப் பரிசோதனை, அந்தச் சதை எந்த வகை என்று பிரித்தறியும் சாயப் பரிசோதனை, நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேன், இப்போது நுரையீரல் புற்றுநோய் போன்றவற்றுக்கு மரபணுப் பரிசோதனை. மேற்சொன்ன ஆய்வில் புறநோயாளிச் செலவில் மிகப் பெரிய பங்கு, 36.4 விழுக்காடு, பரிசோதனைகளுக்கே போயிருந்தது. தனியார் பாலிசிகள் பலவும் சேர்க்கைக்கு முந்தைய 30 அல்லது 60 நாள் செலவைத் தருகின்றன. மத்திய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம் மூன்று நாள் செலவை மட்டும் ஏற்கிறது. எதுவானாலும், பின்னால் ஒரு சேர்க்கை வந்தால்தான் முன்னால் செய்த பரிசோதனைக்குப் பணம். நோய் உறுதியாகி, சிகிச்சை எது என்று மருத்துவர்கள் தீர்மானிக்கவே சில வாரங்கள் ஆகும் ஒரு நோய்க்கு மூன்று நாள் எந்த மூலைக்குப் போதும்?

தமிழ்நாட்டின் கதை இதில் சற்று வேறுபட்டது, பெருமைப்பட இடமுள்ளது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோய்க்குப் பலியானார். அந்த இழப்பிலிருந்து பிறந்த உறுதி 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையமாக, 12 படுக்கைகளோடு எழுந்தது. மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகத்தை விட்டு விலகவில்லை. பணம் இருப்பவர் கொடுக்கட்டும், இல்லாதவருக்கும் அதே சிகிச்சை என்பது அந்த நிலையத்தின் கொள்கை. 1969 பிப்ரவரியில் முதலமைச்சர் அண்ணா புற்றுநோயால் மறைந்தார். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அவர் பெயரால் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. காப்பீடு என்ற சொல் சாமானியர் வீட்டுக்குள் நுழைவதற்கு வெகுகாலம் முன்பே, நோயாளியின் பையைப் பார்க்காத மருத்துவம் இங்கே வேர்விட்டிருந்தது.

காப்பீடு அந்த வீடுகளுக்கு வந்தது 2009 ஜூலையில், கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக. ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்றைய வரம்பு. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டம்பரில் மத்தியத் திட்டத்தோடு இணைந்தது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஆண்டு வருமானம் 1.2 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதிந்துகொள்ளலாம். நோய் வந்த பிறகு பதிந்தாலும் ஏற்கிறார்கள். காத்திருப்புக் காலம் கிடையாது. தனிநபர் எடுக்கும் தனியார் பாலிசிகளில் பொதுவாகக் கிடைக்காத சலுகை இது. எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்கு உதவத் தனியாக ஒரு தொகுப்பு நிதியும் வைத்திருக்கிறார்கள்.

அரசுத் திட்டங்கள் ‘பேக்கேஜ்’ முறையில் இயங்குபவை. இன்ன புற்றுநோய்க்கு இன்ன மருந்துக் கலவை, ஒரு சுற்றுக்கு இன்ன தொகை என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். மத்தியத் திட்டத்தின் பட்டியலில் இமாட்டினிப்பும், மார்பகப் புற்றுநோய்க்கான டாமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. இந்த ஓரிடத்தில் ஏழைகளுக்கான அரசுத் திட்டம் நடுத்தர வர்க்கத்தின் தனியார் பாலிசியை விடச் சிந்தித்துச் செயல்பட்டிருக்கிறது. மறுபக்கம், கடந்த பத்தாண்டில் வந்த விலையுயர்ந்த நோயெதிர்ப்பு மருந்துகள் பலவும் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. பேக்கேஜ் தொகை போதாதென்று சில தனியார் மருத்துவமனைகள் வெளியிலிருந்து மருந்து வாங்கிவரச் சொல்வதும் நடக்கிறது. காப்பீட்டு அட்டையோடு வந்தவர் அதற்கென்று கூடுதலாகப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது விதி. கேட்கப்பட்டால் மருத்துவமனையிலுள்ள திட்ட அலுவலரிடம் எழுத்தில் புகார் தர வேண்டும்.

இந்தத் திட்டங்கள் ஏற்காத செலவுகள் வேறு. தென் மாவட்டத்துக்காரர் ஒருவர் சென்னையில் ஆறு வாரம் கரண்ட் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், அறை வாடகை, துணைக்கு வந்தவரின் சாப்பாடு, இருவரும் இழந்த கூலி எல்லாம் சேரும். ரயிலில் ஓரளவு நிவாரணம் உண்டு. சிகிச்சைக்காகப் பயணிக்கும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை, உடன் செல்பவருக்கு 75 விழுக்காடு சலுகை. இதற்கு மருத்துவமனையின் சான்றிதழ் வேண்டும். முதல் சந்திப்பிலேயே அதைக் கேட்டு வாங்குவது நல்லது. மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறும் இ.எஸ்.ஐ. தொழிலாளர்களுக்கு இன்னும் பெரிய பாதுகாப்பு இருக்கிறது. புற்றுநோய் உள்ளிட்ட 34 நோய்களுக்கு இரண்டு ஆண்டுகள் வரை ஊதியத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். பங்களிப்புக் காலம் போன்ற நிபந்தனைகள் உண்டு. திருப்பூர், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலை செய்யும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. இந்தியாவில் காப்பீடு என்ற பெயரில் இழந்த வருமானத்தையும் ஈடுசெய்யும் ஏற்பாடு மிக அரிது. அது இருக்கும்போது பயன்படாமல் போகக்கூடாது.

நடுத்தர வர்க்கத்தின் சிக்கல் இன்னொரு வகை. அரசுத் திட்டத்துக்கு வருமானம் அதிகம். கைக்காசில் சமாளிக்க வருமானம் போதாது. இவர்கள் நம்பியிருப்பது அலுவலகம் தந்த குழுக் காப்பீட்டையோ, சொந்தமாக எடுத்த பாலிசியையோ. இவை மறுக்கப்படுவதைக் காட்டிலும் குறைக்கப்படுவதுதான் அதிகம். குறைப்பு எங்கே நிகழ்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதல் இடம் அறை வாடகை. எல்லா நிறுவனங்களும் விற்கும் ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்ற பொதுப் பாலிசியில், நாள் வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய். நோயாளி 8,000 ரூபாய் அறையில் தங்கினால் 3,000 ரூபாய்தான் கைவிட்டுப் போகும் என்று குடும்பம் நினைக்கும். அப்படியில்லை. அறுவைச் சிகிச்சை நிபுணர் கட்டணம், அரங்கக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில், அதாவது எட்டுக்கு ஐந்தாக வெட்டப்படும். அந்தக் கட்டணங்கள் இரண்டு லட்சம் என்றால் நிறுவனம் தருவது 1,25,000 ரூபாய். அறை மாறியதற்கான விலை 75,000 ரூபாய் கூடுதல். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றின் விலையை இப்படி வெட்டக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இல் தெளிவுபடுத்தியது. பில்லைச் சரிபார்க்கும்போது இதைக் கவனிப்பவர்கள் குறைவு.

இரண்டாவது இடம்தான் புற்றுநோயாளிகளை நேரடியாகத் தாக்குவது. 2019-இல் ஆணையம் 12 நவீனச் சிகிச்சை முறைகளைப் பட்டியலிட்டு, இவற்றைப் பாலிசிகள் ஒதுக்கிவைக்கக்கூடாது என்றது. ரோபோ அறுவைச் சிகிச்சை, துல்லியக் கதிர்வீச்சு அறுவை, வாய்வழிக் கீமோ, எதிர்ப்புப் புரத ஊசி வடிவிலான நோயெதிர்ப்புச் சிகிச்சை, இரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் சிகிச்சை ஆகியவை அதில் உண்டு. பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் உள்வரம்பு வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தார்கள். ஆரோக்கிய சஞ்சீவனியில் அந்த வரம்பு காப்பீட்டுத் தொகையில் பாதி. ஐந்து லட்சம் பாலிசி வைத்திருப்பவருக்கு நோயெதிர்ப்பு ஊசிக்கு இரண்டரை லட்சம். அதிலும் 5 விழுக்காடு நோயாளியின் பங்கு. ஓராண்டுக்கு மேல் தொடரக்கூடிய, ஒரு தவணையே லட்சத்தைத் தாண்டும் ஊசிக்கு அது எவ்வளவு நாள் வரும்? இன்னும் வேதனையான விஷயம் வாய்வழிக் கீமோவைப் பற்றிய வாசகம். அந்தப் பட்டியலிலுள்ள சிகிச்சைகள் உள்நோயாளியாகவோ மருத்துவமனையின் பகல்நேரச் சிகிச்சையாகவோ பெறப்பட்டால் பணம் உண்டு என்று பாலிசி சொல்கிறது. மாத்திரையை விழுங்க யாரும் மருத்துவமனையில் சேர்வதில்லை. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்ளும் வாசகம் இது; திருத்தப்பட்டே ஆக வேண்டும்.

இதே காரணத்தால் சிகிச்சை முன்னேற முன்னேற நோயாளிக்குப் பணம் குறையும் விபரீதமும் நேர்கிறது. மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்குத் தரப்படும் டிராஸ்டுசுமாப் மருந்தை நரம்பு வழியாக ஏற்றினால் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். தோலுக்கடியில் போடும் வடிவத்தில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நோயாளிக்கு எது நல்லது என்பதில் கேள்வியே இல்லை. கட்டிலைத் தேடும் பாலிசி மட்டும், ஊசி போட்டதற்கெல்லாம் பணம் தர முடியாது என்று வாதாட இடம் பெறுகிறது.

‘கிரிட்டிக்கல் இல்னஸ்’ பாலிசி இந்த ஓட்டையை அடைக்கும் என்று முகவர்கள் சொல்வது பாதி உண்மை. நோய் உறுதியானதும் மொத்தத் தொகையையும் கையில் தந்துவிடுவார்கள். அதை மாத்திரைக்கோ வாடகைக்கோ செலவிடலாம். ஆனால் எல்லாப் புற்றுநோயும் அதில் வராது. பரவாமல் தோன்றிய இடத்திலேயே அடங்கியிருக்கும் நிலை, ஆரம்பக்கட்டத் தைராய்டு புற்றுநோய், தீவிரத்தைக் குறிக்கும் கிளீசன் மதிப்பெண் 6 அல்லது அதற்குக் கீழுள்ள புராஸ்டேட் புற்றுநோய், மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் ஆகியவை அதன் வரையறையில் விலக்கப்பட்டவை. பாலிசி எடுத்து 90 நாளுக்குள் நோய் கண்டால் பணமில்லை. நோய் உறுதியான பிறகு பொதுவாக 30 நாள் உயிரோடிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. நாட்டு மக்களைச் சீக்கிரம் பரிசோதனைக்கு வாருங்கள் என்று அழைக்கிறோம். சீக்கிரம் வந்து ஆரம்பக்கட்டத்தில் நோயைப் பிடித்தவருக்கு இந்தப் பாலிசி கைவிரிக்கிறது.

உரிமைகள் வளர்ந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2024-இல் வந்த விதிகளின்படி, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் நான்கிலிருந்து மூன்று ஆண்டாகக் குறைந்தது. ஐந்து ஆண்டுகள் விடாமல் பிரீமியம் கட்டியவரிடம், மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய, ‘நோயை மறைத்தாய்’ என்று சொல்லிப் பணத்தை மறுக்க முடியாது. முன்பு இதற்கு எட்டு ஆண்டுகள் ஆக வேண்டும். கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரத்தில் பதில் வர வேண்டும். டிஸ்சார்ஜ் சமயத்தில் மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும். தாமதத்தால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் அது நிறுவனத்தின் பொறுப்பு. நிறுவனத்தின் உரிமைகோரல் மறுஆய்வுக் குழு பார்க்காமல் எதையும் நிராகரிக்கக்கூடாது.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் முதல் வேலை, எந்த நிபந்தனையின் கீழ் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் வாங்குவது. தொலைபேசியில் சொல்வதை நம்பி அலையக்கூடாது. இரண்டாவது வேலை மருத்துவரிடம். இந்தச் சிகிச்சை ஏன் அவசியம், ஏன் மருத்துவமனைக் கண்காணிப்பில் தரப்பட்டது, நோய் எப்போது முதன்முதலில் கண்டறியப்பட்டது என்று தேதியோடு ஒரு கடிதம் வேண்டும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் யாரோ அவசரத்தில் எழுதிய ‘இரண்டு வருடமாகக் கட்டி’ என்ற ஒரு வரி பல குடும்பங்களின் பணத்தைத் தடுத்திருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அதைப் படித்துப் பார்ப்பது அவசியம். பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. தீர்ப்பை 30 நாளுக்குள் நிறைவேற்றாத நிறுவனம் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் நோயாளிக்குத் தர வேண்டும். நோயோடு போராடும் வீட்டில் இதற்கெல்லாம் யாருக்குத் தெம்பு இருக்கும் என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் நோயாளியைத் தவிர, கணக்கு வழக்கு பார்க்கத் தெரிந்த உறவினர் ஒருவர் முதல் நாளிலிருந்தே காகிதங்களைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது. மைத்துனரோ, சித்தப்பா மகளோ, யாரானாலும் சரி.

சிறப்புச் சிகிச்சைகளின் உச்சியில் காப்பீட்டு வாசகங்களே தீர்ந்துபோகின்றன. தரமணியில் 2019 ஜனவரியில் தெற்காசியாவின் முதல் புரோட்டான் கதிர்வீச்சு மையம் திறக்கப்பட்டது. குழந்தைகளின் மூளை, முதுகுத்தண்டுக் கட்டிகளில் சுற்றியுள்ள நல்ல திசுக்களைக் காப்பாற்றுவதில் அதன் பயன் பெரிது. 2023 அக்டோபரில், மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய ‘நெக்ஸ்கார்19’ என்ற கார்-டி செல் சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைத்தது. நோயாளியின் சொந்த இரத்த வெள்ளணுக்களை எடுத்து, மரபணு மாற்றிப் புற்றுநோயை அடையாளம் காணப் பழக்கி, மீண்டும் உடலுக்குள் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் 2017-இல் வந்த முதல் கார்-டி சிகிச்சையின் விலை 4,75,000 டாலர். இந்தியச் சிகிச்சை ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு. இந்திய விஞ்ஞானிகளின் அந்தச் சாதனைக்குத் தலைவணங்கலாம். அப்போதும் பல பத்து லட்ச ரூபாய். 2019-இன் நவீனச் சிகிச்சைப் பட்டியலில் புரோட்டானுக்கும் கார்-டிக்கும் என்று ஒரு வரி இல்லை. நோயெதிர்ப்புச் சிகிச்சை என்றால் எதிர்ப்புப் புரத ஊசி என்கிறது பட்டியல். கார்-டி உயிருள்ள செல். அதனால் ஒவ்வொரு நோயாளியும் தன் பாலிசியின் வாசகத்தோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. சிகிச்சைக்கு முன்பே, மருந்தின் பெயரையும் மொத்தச் செலவையும் குறிப்பிட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெறுவதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

விலை இறங்கினால் காப்பீட்டின் சுமையும் இறங்கும். இந்த வழியில் இந்தியா செய்தவை உலகம் கவனித்தவை. 2012 மார்ச்சில், கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான ‘நெக்ஸாவர்’ மாத்திரையைத் தயாரிக்க ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமையாளரின் சம்மதமின்றியே தயாரிக்கும் அனுமதி, கொடுத்தார்கள். மாதம் 2,80,000 ரூபாய்க்கு விற்ற மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது. 2019-இல் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபம் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று மருந்து விலை ஆணையம் வரம்பிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு இருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. புற்றுநோய் மருந்துகள் சில உள்ளிட்ட பல உயிர்காக்கும் மருந்துகளுக்கும் வரி போனது.

இவற்றில் ஆழமான முயற்சி, டாடா நினைவு மருத்துவமனை முன்னின்று நடத்தும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பின் கூட்டுக் கொள்முதல். 23 மையங்கள் தங்கள் தேவையை ஒன்றாகத் திரட்டி, 40 மருந்துகளுக்கு நிறுவனங்களோடு பேரம் பேசின. மொத்தச் சேமிப்பு சுமார் 1,320 கோடி ரூபாய், அதாவது 82 விழுக்காட்டுக்கு மேல். பெட்டியில் அச்சிட்ட விலைக்கும் மருந்தின் உண்மையான விலைக்கும் எவ்வளவு தூரம் என்பதை இந்த ஒரு கணக்கு அம்பலப்படுத்துகிறது. ஆனால் அந்த விலை அந்த மையங்களின் மருந்தகச் சன்னலோடு நின்றுவிடுகிறது. தெருமுனைக் கடையிலோ தனியார் மருத்துவமனையிலோ அதே மருந்தை வாங்குபவர் அட்டையில் அச்சிட்ட விலையைக் கொடுக்கிறார். அவருடைய காப்பீட்டு நிறுவனமும் அந்த விலையையே கொடுத்து, அடுத்த ஆண்டு எல்லோருடைய பிரீமியத்திலும் அதை ஏற்றுகிறது. பல கோடிப் பேரின் பிரீமியத்தைக் கையில் வைத்திருக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் 23 மருத்துவமனைகள் செய்த பேரத்தைத் தாங்களும் செய்ய முடியும். மாதாந்திர மாத்திரையைப் பாலிசிக்குள் கொண்டுவந்தால் செலவு தாங்காது என்று அவை சொல்லும் காரணத்துக்கு அந்தக் கொள்முதல் பட்டியலிலேயே பதில் இருக்கிறது.

2025 பிப்ரவரி பட்ஜெட்டில், மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள், முதல் ஆண்டில் 200 என்று மத்திய அரசு அறிவித்தது. இவை சரியாக நடந்தால் கீமோவுக்காகச் சென்னைக்கும் வேலூருக்கும் இரவு ரயில் ஏறும் பலர் சொந்த மாவட்டத்திலேயே காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். அந்த மையத்திலிருந்து மூன்று வாரத்துக்கான மாத்திரைச் சீட்டோடு வெளியே வருபவருக்குக் காப்பீடு என்ன தரும் என்பதை, எல்லா மையங்களும் திறக்கும் முன்பே ஒழுங்குமுறை ஆணையமும் மாநில அரசும் எழுதி வைக்க வேண்டும்.